என் முழங்கால் அரசாங்கக் கணக்கிலிருந்து நீங்கிய விவரம்

மன்சூரா, எகிப்து,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய ஹாஜ் பர்ஹாம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குவைத் வெயில் தங்களை வாட்டாமல் இறைவன் காப்பானாக. இங்கே யாவரும் நலம். நானும் நலம் என்றே அரசாங்கம் சொல்கிறது. அது பற்றித்தான் எழுதுகிறேன்.

தங்கள் தங்கை நபவியா, கணவர் இறந்தபின், இனி எந்த நோயாளிக்கும் பணிவிடை செய்ய முடியாது என்று பக்கத்து வீட்டில் சொன்னது என் காதிலும் விழுந்தது. நானோ நூலக ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் கெட்டு, ஊனமுற்றோர் உதவித்தொகை வாங்குகிறவன். ஆகவே அவரைப் பெண் கேட்கும் ஆசையை மூன்று ஆண்டுகளாக வெளியே சொல்லவில்லை. நேற்று எனக்கு அறுபது வயது நிறைந்தது. இன்று காலை ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்து, "இனிமே நீங்க ஊனமுற்றவர் இல்ல உஸ்தாத், முதியவர். பணம் அதேதான், தலைப்புதான் மாறுது" என்றார். அப்படியானால் என் முழங்கால்... என்று இழுத்தேன். "அது இனி எங்க கணக்குல வராது" என்றார்.

திரும்பும் வழியில் காப்பிக்கடை ஸெயின்ஹுமிடம், ஊனத்தை ரத்து செய்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தேன். வாக்கியத்தை முடிக்க அவர் விடவில்லை. என் கால் குணமாகிவிட்டதென்று தெருவுக்கே சொல்லிவிட்டார். மாடிகளிலிருந்து பெண்கள் குலவையிட்டார்கள், சர்பத் வந்தது, நான் மறுக்க வாய் திறந்தபோதெல்லாம் யாரோ அதில் பஸ்பூஸா இனிப்பைத் திணித்தார்கள், கடைசியில் ஸெயின்ஹும் என் ஊன்றுகோலைத் தோளில் சாய்த்து, அவுலியாவின் தர்காவுக்குக் காணிக்கை என்று ஊர்வலமாகவே கொண்டுபோய்விட்டார். நண்பகல் லுஹர் தொழுகையிலிருந்து இதே நாற்காலியில் இருக்கிறேன், எழ முடியவில்லை.

இருந்தும் மனம் பறக்கிறது, ஹாஜ். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனால் அரசாங்கமே என்னை ஊனமுற்றவன் இல்லை என்ற பிறகு நபவியாவுக்கு என்ன தடை? தாங்கள் சம்மதித்தால், விடுப்பில் ஊர் வரும் வியாழக்கிழமையே ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்துகொள்ளலாம். நபவியா வீட்டுக்கு எப்படி நடந்து வருவேன் என்பதுதான் இன்னும் தெளிவாகவில்லை.

தங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் என் சலாமும் துஆவும்.

பணிவுடன்,
ஷுக்ரி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது நபவியாவே வந்துவிட்டார், கையில் என் ஊன்றுகோல். தர்காவிலிருந்து மீட்டு வந்தாராம். "நோயாளி வேணாம்னுதான் சொன்னேன். உங்க முட்டி என்ன நோயா? படியேறும்போது உங்களைவிடத் தைரியமா அதுதான் சத்தம் போடுது" என்றார். அந்த வியாழக்கிழமை நான் பெண் கேட்டு வருவதாகத் தங்களுக்குப் போன வாரமே தொலைபேசியில் சொல்லிவிட்டாராம். எனவே இக்கடிதம் தேவையே இல்லை. அடித்தல் திருத்தம் இல்லாமல் எழுதிவிட்டதால் அனுப்புகிறேன்.