தமிழ்நிலாவின் முதல் பொய்

மோட்டார் கொட்டகைச் சாவி ஆணியில் இல்லை.

குறுவைக்கு விட்ட நாற்றங்கால் வெயிலில் வெடிக்கத் தொடங்கியிருந்தது. மோட்டார் ஓடுகிற மும்முனை மின்சாரம் அப்போதுதான் வந்திருந்தது. அது நிற்பதற்குள் தண்ணீர் வைத்தாக வேண்டும். தங்கையன் வெற்று ஆணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேத்தியைத் திரும்பிப் பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் அந்தச் சாவியை வைத்துத்தான் அவள் பொம்மைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, சாவிய எடுத்தியா?"

"எடுக்கல தாத்தா," என்றாள் நான்கு வயதுத் தமிழ்நிலா.

"பொய் சொல்லாத தமிழு!" அவளுடைய அப்பா பரிதி கையை ஓங்கினான்.

அம்மா குந்தவை குறுக்கே வந்து நின்றாள். கீழ்வேளூர் பக்கத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் குழந்தை உளவியல் நடத்துகிறவள் அவள். பாடத்தை வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வருகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"அடிச்சா இன்னும் நல்லாப் பொய் சொல்லத்தான் கத்துக்குவா. இந்த வயசுல பொய் வர்றது வளர்ச்சிங்க. அடுத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு புரிய ஆரம்பிச்சாத்தான் பொய்யே வரும்."

"நாத்து காயுது. நீ வளர்ச்சிங்கிற. பூட்ட ஒடைச்சிர்றேன்."

"கொஞ்சம் பொறுங்க. அவளே சொல்லுவா."

குந்தவை தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் கண்ணுக்கு நேராகத் தன் கண் இருக்க வேண்டும் என்பது அவள் மாணவிகளுக்குச் சொல்லும் முதல் பாடம்.

"தமிழு, அம்மா திட்டவே மாட்டேன். உண்மையச் சொன்னா அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷமா இருக்கும். சாவிய எடுத்தியா?"

"எடுக்கலம்மா."

குந்தவை திட்டவில்லை. பெருமூச்சு விட்டாள். முகம் மட்டும் வாடிவிட்டது. தமிழ்நிலா அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்தேன்," என்றாள்.

குந்தவைக்குக் கண் கலங்கிவிட்டது. மகளை வாரி அணைத்து முத்தமிட்டு, டப்பாவைத் திறந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள். பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். பல வருஷம் படித்த படிப்புக்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்ததுபோல இருந்தது அவளுக்கு.

"எங்க போட்ட, செல்லம்?"

குழந்தை சுற்றுமுற்றும் பார்த்தது. வாசல் வழியே குளம் தெரிந்தது.

"கொளத்துல."

பரிதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினான். கரையில் சும்மா நிற்க மனசு கேட்காமல் தங்கையனும் படியில் கால் வைத்தார். பாசி வழுக்கி விழுந்தார். கணுக்கால் வீங்கிப்போனது.

இதற்குள் குந்தவை, மகள் ஒப்புக்கொண்டதை இன்னொரு தடவை சொல்லவைத்து, வீடியோ எடுத்து, கல்லூரி வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். "தண்டனை இல்லாமல் உண்மை: நேரடி உதாரணம்" என்று தலைப்பும் போட்டிருந்தாள். கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன.

குளத்தில் சேறுதான் கிடைத்தது.

"தமிழு, நல்லா யோசிச்சுச் சொல்லு. கொளத்துலதான் போட்டியா?"

அம்மாவின் முகம் மறுபடி வாடுவதைக் குழந்தை கவனித்தது. "இல்ல. அரிசி டின்ல."

"பாத்தீங்களா? தானாவே திருத்திக்கிறா!"

"நீயே பாரு," என்று சட்டையைப் பிழிந்தான் பரிதி.

டின்னைக் கவிழ்த்து அரிசியைக் கூடம் முழுக்கப் பரப்பினார்கள். வண்டுகள் ஓடின. சாவியைக் காணோம். தமிழ்நிலா அடுத்துக் கோழிக் கூண்டைக் காட்டினாள். கூண்டைத் திறந்ததும் கோழிகள் நேராகக் கூடத்துக்கு வந்து அரிசியில் இறங்கின.

பரிதி கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனான். பூட்டு அசையவில்லை. கதவு நிலை பெயர்ந்தது. அதோடு மேலிருந்த செங்கல்லும் சரிந்து உள்ளே ஸ்டார்ட்டர் பெட்டிமேல் விழுந்தது. மின்சாரம் இருந்தும் மோட்டார் ஓடவில்லை.

அவன் திரும்பி வந்து சொன்னான். தங்கையன் வீங்கின காலை நீட்டிக்கொண்டு வாசலையே பார்த்தார். போன வருஷம் அறுவடை நேரத்தில் மழை கொண்டுபோயிற்று. இந்த வருஷம் நாற்றிலேயே போகிறது. குந்தவை அவருக்கு முகம் கொடுக்க முடியாமல் கோழிகளை விரட்டப் போனாள்.

அந்த நேரம் பார்த்து வயர்மேன் செல்லதுரை டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினான். விரலில் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா, கால்ல கட்டு?"

"அந்தச் சாவி..." என்று எழப்போனார் தங்கையன்.

"வெடியக்காலைல நீங்கதானே குடுத்தீங்க, ஃபியூஸ் மாத்தச் சொல்லி? மாத்திட்டு அப்படியே ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிட்டேன். திருப்பிக் குடுக்க நேரமாயிட்டுது."

தங்கையன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட ஆமாப்பா. சுத்தமா மறந்துட்டேன்."

செல்லதுரை விஷயத்தைக் கேட்டான். சிரிக்கவில்லை. "ஸ்டார்ட்டர் போனா போவுது. நேரா லைன் குடுத்து ஓட்டிடலாம். கரண்டு நிக்கிறதுக்குள்ள வாங்க," என்று பரிதியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தான். கொஞ்ச நேரத்தில் வயல் பக்கமிருந்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தங்கையன் கண்ணை மூடிக்கொண்டார்.

குந்தவை கூடத்துக்கு வந்தாள். கோழிகளுக்கு நடுவில் கடலை மிட்டாய்ப் பிசுக்கோடு நின்றுகொண்டிருந்த மகளுக்கு முன்னால், கண்ணுக்குக் கண் நேராக, உட்கார்ந்தாள்.

"நீ சாவிய எடுக்கவே இல்லையேடா. அப்புறம் ஏன் எடுத்தேன்னு சொன்ன?"

தமிழ்நிலா அம்மாவின் முகத்தை உன்னிப்பாகப் பார்த்தாள். இந்தத் தடவை அதிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

"இப்ப எதும்மா உண்மை," என்று கேட்டாள், "எடுத்தேங்கிறதா, எடுக்கலைங்கிறதா?"