பன்னிரண்டு டப்பா, ஒரே வைரஸ்

இன்றும் பினாயில் வாடை மூக்கில் ஏறினால் டப்பா சார் நினைவில் வந்து நிற்பார். திருச்சியில் அவர் அளவுக்கு வீடு வீடாகப் போய்ச் சிறுநீர் கேட்ட மனிதர் பூமியில் பிறந்ததில்லை.

அதுவும் நோயாளிகளிடமல்ல, நன்றாக இருப்பவர்களிடம். நம்மில் பலர் உடம்பில் சத்தமில்லாமல் குடியிருந்து, சிறுநீரில் வெளிவரும் சாது வைரஸ் ஒன்று உண்டு. குடும்பத்துக்குக் குடும்பம் அதன் மரபணுவில் ஓரிரு எழுத்து மாறும். இந்த ஊரில் எத்தனை வகை என்று தேடியது எங்கள் ஆய்வுக்கூடம். சார் டப்பா சேகரிப்பார், நான் லேபிள் ஒட்டுவேன். முதல் இரண்டு டப்பா எங்கள் இருவருடையவை.

அரியமங்கலம் பட்டறைகளில் டீ வாங்கிக் கொடுத்து, அது இறங்கும்வரை காத்திருப்பார். ஸ்ரீரங்கம் மட்டும் மசியவில்லை.

"எங்காத்துல எல்லாரும் நன்னாத்தானே இருக்கோம்!" என்றார் ஓர் அடுக்ககத்து மாமி.

"அதுக்குத்தாங்க மாமி கேக்கறேன்."

கதவைச் சாத்திவிட்டார்.

கடைசியில் அந்த அடுக்ககச் செயலாளரிடம், பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு டப்பா கொடுத்தார். மறுநாள் ஏழு மணிக்கு எல்லாம் நிறைந்து வரிசையாய் நின்றன. சாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

முடிவு வந்தது. பன்னிரண்டு வீட்டு வைரஸும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா ஸ்ரீரங்கத்தை ஆய்வுலேர்ந்தே எடுத்துடலாம்" என்றார் ஆய்வை நடத்திய டாக்டரம்மா.

ஆறு வாரம் அந்தத் தீவில் நடந்து செருப்புத் தேய்ந்தவர் வெளுத்துப்போனார். "ஸ்ரீரங்கம் இல்லாம திருச்சியாங்க மேடம்?"

இருவரும் ஓடினோம். செயலாளர் அசரவில்லை.

"ஏழு மணின்னேள். அவாவா ஆபீஸ், ஸ்கூல்னு பறந்துண்டிருந்தா. அசோசியேஷன் மானம் போகப்படாதேன்னு நானே பொறுப்பெடுத்துண்டேன்."

"பன்னெண்டுமாங்க?"

"விடிகாலைலேர்ந்து ஜலமா குடிச்சேன், ஓய்!"

சார் கோபப்படவில்லை. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மூன்று காலைகள் லிஃப்ட் வாசலில் நின்று, இறங்கிவந்த ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். கடைசி டப்பாவைக் கதவிடுக்கு வழியாக நீட்டியது, அந்த மாமியின் கை.

வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கம் தப்பியது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஒரே மாடிப்படியின் அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னால், வெவ்வேறு எழுத்துகள். யாரும் வாசிக்காமல் எத்தனையோ தலைமுறையாய்க் கைமாறி வந்தவை.

ஆய்வு முடிந்தது, அவர் வேலையும் முடிந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டினார்.

"சொல்லக்கூடாதுதான். நீங்க வையம்பட்டி, நான் லால்குடி. ஆனா நம்ம ரெண்டு டப்பாலயும் ஒரே வகை வைரஸ்தாங்க. எந்தக் காலத்துச் சொந்தமோ... உடம்பைப் பாத்துக்கங்க, போயிட்டு வரேன்."