சூரத்திலிருந்து வந்த மாப்பிள்ளை

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் யாரும் யாரையும் "வெளியே போ" என்று சொல்ல மாட்டார்கள். "போயிட்டு வாங்க" என்பார்கள். நாமும் சிரித்துக்கொண்டே கிளம்புவோம். பாதி வழியில்தான், நம்மைத் துரத்திவிட்டார்கள் என்பது உறைக்கும். எனக்கு அது உறைக்க ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரமும் ஊர் எனக்குக் கொடுத்த மரியாதையில் நான் பூரித்துப்போய்த் திரிந்தேன் என்பதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

தொண்ணூற்று நாலாம் வருஷம், புரட்டாசி மாதம். ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி ராவுத்தர் என்னை நம்பி, சரக்கு எடுத்துவரச் சூரத்துக்கு அனுப்பினார். அதுவரை நான் தாண்டிய ஒரே எல்லை, கேரளத்துக்குப் போகிற வாளையார். அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்தேன். முடிவெட்டுகிறவர், பால் சொசைட்டிக்காரர், பஸ் கண்டக்டர் (அவர் கேட்கவே இல்லை), எல்லோருக்கும் நான் சூரத்துக்குப் போவது தெரியும்.

அன்னூரில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெயர் சாந்தாமணி. ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அந்த ஒரு தடவையிலேயே ஆள் காலி. புரட்டாசி என்பதால் நிச்சயத்தை ஐப்பசிக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். நான் சூரத்துக்குப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் பெண்ணின் அம்மா சொல்லியனுப்பினார்: "மாப்பிள்ளை வரப்ப எனக்கொண்ணு, அம்மணிக்கொண்ணு, நல்லதா ரெண்டு சேலை எடுத்துட்டு வரச் சொல்லுங்க." (எங்கள் பக்கத்தில் மகளும் அம்மணிதான், மரியாதைக்கு மற்ற பெண்களும் அம்மணிதான்.) உலகத்தில் இதைவிடப் பெரிய கௌரவம் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

சரக்கு எடுத்து, ரெண்டு நைலக்ஸ் சேலையும் எடுத்து, பம்பாய் மாறி ரயிலில் வந்துகொண்டிருந்தேன். நான் கிளம்பிய பிறகுதான் சூரத்தில் பிளேக் என்ற செய்தி வெடித்தது. நாடு முழுக்க அதே பேச்சு. எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. (வழியெல்லாம் ஹிந்திப் பேப்பர். நான் அதில் பார்த்தது நடிகைகள் படத்தை மட்டும்.) போதாததற்கு, ஜன்னலில் தலையை நீட்டி ஊர் பார்த்துக்கொண்டு வந்ததில் நல்ல சளி. தும்மிக்கொண்டே கோவையில் இறங்கி, சரக்கு மூட்டைகளைக் கடை வண்டியில் ஏற்றிவிட்டேன். கையில் 'சூரத்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பிளாஸ்டிக் பை.

சரவணம்பட்டி டவுன்பஸ்ஸில் ஏறினேன். நிற்க இடமில்லாத பஸ். நான் ஒரு தும்மல் போட்டுவிட்டுப் பையை மடியில் வைத்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்துகொண்டார். "நீங்க நல்லா உக்கோருங்க தம்பி, தூரத்துல இருந்து வாரீங்க" என்றார். முன்சீட்டுக்காரரும் எழுந்துவிட்டார். மாப்பிள்ளைக் களை முகத்தில் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து வந்தேன்.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் நிறுத்தினார். பேப்பரை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பெஞ்சில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் "பரவால்லீங்க, உக்கோருங்க" என்று கையமர்த்தினேன். (ஆமாம், கையமர்த்தினேன். எம்.எல்.ஏ. மாதிரி.) குடித்து முடித்துக் கிளாஸை வைக்கப் போனபோது கடைக்காரர் பதறிவிட்டார்.

"வெக்காதீங்க தம்பி! கிளாஸ நீங்களே ஊட்டுக்குக் கொண்டுபோயிருங்க."

"எதுக்குங்க?"

"கண்ணாலம் ஆகப்போற பையன். நம்மகிட்ட இருந்து ஒரு பரிசா இருக்கட்டுமுங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அப்பா போன பிறகு ரெண்டு மாட்டை வைத்துக்கொண்டு என்னை ஆளாக்கியவள் அம்மா. பேப்பரும் படிக்க மாட்டாள், டி.வி.யும் எங்கள் வீட்டில் கிடையாது. "ஊர்ல உனக்கு இத்தன மதிப்பாடா கண்ணு!" என்று அந்த டீக்கிளாஸைக் கழுவி அலமாரியில் வைத்தாள்.

கடைக்குக் கிளம்பும் முன்பே பக்கத்து வீட்டு போனில் ராவுத்தர் கூப்பிட்டார். தாய்மாமன் செத்ததற்கே அரைநாள்தான் லீவு கொடுத்தவர். "பத்து நாளு ஊட்டுல இருங்க தம்பி. சம்பளம் வந்துரும். மூட்டையெல்லாம் மொட்டைமாடி வெயில்ல கெடக்குது, அவசரமே இல்லீங்க" என்றார். கல்யாண மாப்பிள்ளைக்குச் சலுகை என்று எடுத்துக்கொண்டேன்.

சளி விடவில்லை. டாக்டரிடம் போனேன். எங்கள் பக்கத்தில் ஊசி போடாதவரை டாக்டர் என்றே ஒத்துக்கொள்வதில்லை. தலைவலிக்கு ஊசி, வயிற்றுவலிக்கு ஊசி, துணைக்கு வந்தவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று அவருக்கொரு சத்து ஊசி. அப்படிப்பட்ட டாக்டர் என்னை உள்ளேயே விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி, ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காமலே பார்த்தார்.

"ஊசிங்க?" என்று கையைச் சுருட்டினேன்.

"உங்க ஒடம்புக்கு அதெல்லாம் தேவையில்லீங்க" என்று சீட்டை ஜன்னல் கம்பி வழியாகக் கீழே போட்டார். இரும்பு மாதிரி உடம்பு என்கிறார் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். இன்று நினைத்தால் வயிறு எரிகிறது. எனக்கு இருந்தது சளி. ஒருவேளை அது பிளேக்காகவே இருந்திருந்தால்? படித்த மனுஷன், ஒரு நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை.

சீட்டில் எழுதியிருந்தது டெட்ராசைக்ளின், பிளேக்குக்குக் கொடுக்கிற மாத்திரை. ஊரில் ஒரு மெடிக்கலிலும் இல்லை. திடகாத்திரமான ஆட்கள் எல்லாம் நிலக்கடலை மாதிரி அதை வாங்கித் தின்று தீர்த்திருந்தார்கள். நோய் இல்லாதவர்களுக்கு வைத்தியம் முடிந்துவிட்டது. நோய் என்று சந்தேகப்பட்டவனுக்குத்தான் மாத்திரை இல்லை. மெடிக்கல்காரரும் வாயைத் திறந்து காரணம் சொல்லவில்லை, "ஸ்டாக் வல்லீங்க" என்றதோடு சரி.

திரும்பி வரும்போது ரேஷன் கடை முன்னால் ஒரே கூட்டம். எட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு செத்த எலி. அவ்வளவுதான். ஊரே சுற்றி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருத்தரும் கிட்டே போகவில்லை. இத்தனை மரியாதை செய்கிற ஊருக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா? "விடுங்க, இதுக்குப் போயி" என்று சொல்லி, எலியை வாலைப் பிடித்துத் தூக்கினேன். கூட்டம் அலறிக்கொண்டு விலகியது. எலியை ஒரு சுழற்று சுழற்றி முள்வேலிக்கு அப்பால் வீசிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். பிறகு ஒரு தும்மல். அந்தச் செய்தி எனக்கு முன்பே பஸ் ஏறி அன்னூருக்குப் போய்விட்டது.

அந்த வாரக் கடைசியில் நானும் அம்மாவும் சேலை கொடுக்க அன்னூர் போனோம். பெண்ணின் அப்பா வாசலிலேயே எங்களைப் பார்த்துவிட்டார். வழக்கமாக ஆசாரத்தில், அந்த முன்கூடத்தில்தான் உட்காரவைப்பார்கள். அன்று களத்தின் அந்தக் கோடியில், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ரெண்டு நாற்காலி.

"அக்கட்ட நல்லாக் காத்து வருமுங்க மாப்பிள்ளை!" என்று வீட்டுக்குள்ளிருந்து கத்தினார். மூக்கில் துண்டு கட்டியிருந்தார். நானும் பதிலுக்குக் கத்தினேன். பயணம் நல்லபடியா, ஆமாங்க நல்லபடி, மழை தண்ணி உண்டா, அதெல்லாம் இருக்குதுங்க. ஏலம் விடுவதுபோல் நடந்தது பேச்சு. மாடு ஒன்று மட்டும் என்னைத் தயங்காமல் நக்கியது.

சாப்பாடும் அங்கேதான். இலையைப் போட்டுவிட்டு, பாத்திரங்களைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அம்மாதான் எனக்குப் பரிமாறினாள். முடித்துக் கையைக் கழுவ எழுந்தேன்.

"மாப்பிள்ளை, தப்பா நெனச்சுக்காதீங்க. எலைய நீங்களே எடுத்து, அந்தக் குழில போட்டுருங்க" என்றார் பெண்ணின் அப்பா, வாசலிலிருந்தே.

அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில், சாப்பிட வந்தவனை எச்சில் இலை எடுக்கவிடுவது செருப்பால் அடிப்பதற்குச் சமம். கூலிக்கு வந்த ஆள்கூட விருந்தாளியாக உட்கார்ந்தால் அவன் இலையை வீட்டுக்காரர்தான் எடுப்பார். குழிக்குப் பக்கத்தில் சீமெண்ணெய் டப்பா தயாராக இருந்தது.

"என்ற பையனுக்கு என்னங்கண்ணா?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. சூரத்துல பிளேக்குன்னு பேப்பர்ல போட்டிருக்கான். எலியெல்லாம் தூக்கினாராமா. ஊரு பேசுதுங்க. நாங்க ஒண்ணும் சொல்லலீங்க."

பஸ் சீட்டு, டீக்கிளாஸ், சம்பளத்தோடு லீவு, இரும்பு உடம்பு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் முகத்தில் அறைந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் தும்மலும் வர வேண்டுமா? வந்தது. அடக்கப் பார்த்து, அது இன்னும் பெரிதாக வெடித்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஜன்னலில் சாந்தாமணி நின்றிருந்தாள். தாவணியால் மூக்கை மூடியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணில் பயம் தவிர வேறு ஏதாவது இருந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இல்லை. பயம்தான்.

சேலைகளைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு இலையை எடுத்தேன். என் இலையை நான், அம்மா இலையை அம்மா. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவர்கள் களத்திலிருந்து புகை எழுந்தது. நைலக்ஸ் எரிகிற நாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும், ஜவுளிக்கடைக்காரன். "எலைதான் எரியுது கண்ணு" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன்.

சளி அடுத்த நாலு நாளில் தானாகவே போய்விட்டது. கல்யாணம் வேண்டாம் என்று மட்டும் அவர்கள் சொல்லவே இல்லை. "ஐப்பசி போகட்டுமுங்க" என்றார்கள். "கார்த்திகை பொறக்கட்டுமுங்க" என்றார்கள். நானும் ஒவ்வொரு மாதமாக நம்பினேன். அதுதான் என்னால் இன்னும் மன்னிக்க முடியாதது. முடியாது என்று ஒரு வார்த்தை முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், ஒரு வாரம் அழுதிருப்பேன், முடிந்திருக்கும்.

தை மாதம் பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை. சாந்தாமணிக்கும் பெருந்துறையில் மில் வைத்திருக்கிற ஒருவருக்கும் கல்யாணம். "குடும்பத்தோட அவசியம் வந்து நடத்திக் குடுக்கோணுமுங்க" என்றார். என் பக்கத்திலேயே உட்கார்ந்தார், தோளிலும் கை போட்டார். அதற்குள் பேப்பர்களில் பிளேக் எல்லாம் பழைய செய்தி.

அம்மா உள்ளே போனாள். அலமாரியில் கை வைக்கும் சத்தம் கேட்டது. சூடாகக் காப்பி கொண்டுவந்தாள், அந்த டீக்கிளாஸில். அவர் ஊதி ஊதிக் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைக்கக் குனிந்தார்.

"வெக்காதீங்கண்ணா" என்றாள் அம்மா. கையைக் கூப்பிக்கொண்டு, சிரித்த முகமாக. "கிளாஸ நீங்களே கொண்டுபோயிருங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. அம்மணி கண்ணாலத்துக்கு எங்க பரிசா இருக்கட்டும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. காது வரைக்கும் சிவந்துவிட்டது. ஆனால் கொங்குநாட்டு மனுஷர், மறுத்துப் பேச வாய் வரவில்லை. "சரிங்க அம்மணி" என்று, தாம்பாளத்தில் பத்திரிகைக் கட்டுக்குப் பக்கத்தில் எச்சில் கிளாஸை வைத்துக்கொண்டு நடந்தார். அம்மா தெருமுனை வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். கொட்டகையில் அவள் அழுதது எனக்குக் கேட்டது.

பிறகு எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். சில வருஷங்களுக்கு முன் உலகமே மூக்கை மூடிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தபோது, "இதுல நீங்கதானப்பா சீனியர்" என்று என் மகள் சொன்னாள். வீடே சிரித்தது. வேண்டாத ஆள் யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால் இன்றைக்கும் என் மனைவி சமையலறையிலிருந்து கேட்பாள்: "ஏனுங்க, காப்பி டம்ளர்லீங்களா, கிளாஸ்லீங்களா?"

"கிளாஸ்லயே குடு" என்பேன். வந்தவர் குடித்து முடித்ததும் வாசல் வரை கூடவே போய், "போயிட்டு வாங்க" என்று கைகூப்பி வழியனுப்புவேன். நானும் இந்த ஊர்க்காரன்தானே.