ஐயாவின் கந்தோர் அறையை நான் ஒழுங்குபடுத்திய விதம்

ஒழுங்கை விரும்பும் மனிதனை உலகம் மன்னிப்பதில்லை. அறையைக் குப்பையாக வைத்திருப்பவனுக்கு "பாவம், வேலை கூட" என்று பரிவு காட்டுவார்கள். அதே அறையைத் துப்புரவாக்கியவனை ஆயுள் முழுவதும் பரிகசிப்பார்கள். என்னைப் பற்றி எங்கள் ஊரான புத்தூரில் இன்றும் சிரிக்கிறார்கள். நடந்தது இன்னதென்று நானே எழுதிவைப்பது உத்தமம். ஊரார் சொல்லும் கதையில் நான் மரம் அரியும் வாளைப் பாவித்ததாகக்கூட வருகிறது. அது முழுப் பொய்.

என் தகப்பனாரான ஐயா, காணி, சீதனப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு. வீட்டின் முன்னறையே அவர் அலுவல் பார்க்கும் கந்தோர். காணி உறுதிகள் சீலைத் துண்டுகளில் பொட்டலமாகிக் கூரை வளையிலிருந்து தொங்கின. சீதன உறுதி எழுதுவிக்க வருவோர், கலியாணப் பேச்சு முற்றாகும்வரை சாதக ஓலைகளையும் ஐயாவிடமே விட்டுப்போவது வழக்கம். அவை கூரைக் கிடுகில் செருகியும், பனையோலைக் கடகத்தில் குவிந்தும், சில வேளைகளில் வெற்றிலைத் தட்டத்தின் கீழும் கிடந்தன. எவராவது தம்முடையதைக் கேட்டால் ஐயா திரும்பிப் பாராமலே கையை நீட்டி எடுத்துக் கொடுப்பார். அதை ஒழுங்கென்று ஏற்க நான் ஆயத்தமாயில்லை. நான் கல்லூரியில் படித்தவன். அரசாங்கக் கச்சேரியில் வெள்ளைக்காரத் துரையின் மேசையை வாசலில் நின்று பார்த்தவன். (அதுவும் ஒரு தகுதி என்று அக்காலத்தில் நினைத்திருந்தேன்.)

அவசரத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. நீர்வேலியில் எனக்குப் பெண் பேசி, ஏறக்குறைய முற்றாகியிருந்தது. பெண்ணைத் தேர்த் திருவிழாவில் ஒரேயொரு முறை கண்டேன். கண்ட அன்றே, வேறிடத்துப் பேச்சை எடுக்கவேண்டாமென்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நாள் குறிப்பதற்காகப் பெண்வீட்டார் எங்கள் வீட்டுக்கு வரவிருந்தார்கள். வாழைத்தோட்டமும் கல்வீடும் உடையவர்கள். அவர்களை அந்தக் குப்பைக்குள் எப்படி இருத்துவது?

ஐயா கொழும்புக்குப் போயிருந்த சமயம் பார்த்து, தச்சரைக் கொண்டு சிறுசிறு அறைகள் வைத்த அலுமாரி ஒன்று செய்வித்தேன். கந்தோர்க் காகிதத்தின் நீளத்துக்கே அளவு கொடுத்தேன். உறுதிகள் பணிவாக உள்ளே போயின. ஓலைகள் போகவில்லை. அவற்றின் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கதவு மூட மறுத்தது.

ஓலைகளை நிதானமாகப் பரிசோதித்தேன். இரு பக்கமும் எழுத்தில்லாத வெற்று ஓரம். அதில் மங்கலத்துக்காகப் பூசிய மஞ்சள். வேறொன்றுமில்லை. அம்மாவின் பாக்குவெட்டி பக்கத்தில் கிடந்தது. அடிமட்டம் வைத்துக் கோடிட்டு, ஒவ்வொன்றாக நறுக்கினேன். ஓர் எழுத்துக்கும் சேதமில்லை என்பதை இன்றும் எந்தச் சபையிலும் சொல்வேன். கதவு சத்தமின்றி மூடியது.

கொழும்பால் திரும்பிய ஐயா, மூடிய அலுமாரியைச் சுற்றிவந்து பார்த்தார். "பரவாயில்லை. உன்னைப் படிப்பிச்சது வீண்போகேல்லை," என்றார். அவர் வாயால் நான் பெற்ற கடைசிப் பாராட்டு அதுதான்.

அன்று பின்னேரமே நீர்வேலியார் வந்தார்கள். தேநீர் குடித்தபின் பெண்ணின் தகப்பனார், "எங்கடை பிள்ளையின்ரை சாதகத்தை ஒருக்காத் தாருங்கோ. சாத்திரியாரிட்டைக் காட்டி நாள் வைப்பம்," என்றார்.

ஐயா பழக்கதோஷத்தில் கூரைப்பக்கம் கையை உயர்த்தினார். நான் முந்திக்கொண்டு அலுமாரியைத் திறந்து, ஓலையை எடுத்துப் பெண்ணின் தாயாரிடம் நீட்டினேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றப்போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்ன, மஞ்சள் பூசின நுனியைக் காணேல்லை?"

"அலுமாரிக்கை அடங்கேல்லை, மாமி. அதுதான் கொஞ்சம் நறுக்கினனான்." (மாமி என்று நானே உரிமை எடுத்துக்கொண்டேன்.) "வெறும் ஓரந்தான்."

"நறுக்கினீரோ? என்னத்தாலை?"

"பாக்குவெட்டியாலை."

"ஐயோ! உயிரோடை இருக்கிற குமர்ப்பிள்ளையின்ரை சாதகத்தைப் பாக்கு வெட்டுறமாதிரி வெட்டிப்போட்டு நிக்கிறான்! என்ரை பிள்ளையின்ரை ஆயுளை வெட்டிப்போட்டான்!"

"ஆயுள் உள்ளே எழுத்தில் அல்லவா இருக்கிறது?" என்று நான் தருக்கம் பேசினேன். படித்தவன் பேசாமல் இருப்பானா?

பெண்ணின் தகப்பனார் நிதானமானவர். அலுமாரியைப் பார்த்து, "தம்பி, உதுக்குள்ளை இருக்கிற மிச்சம்?" என்று கேட்டார்.

"எல்லாம் ஒரே அளவு," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"எங்கடையும் இருக்கோடா?" என்று குசினிக்குள்ளிருந்து அம்மா கத்தினார்.

இருந்தது. அம்மாவுடையது, ஐயாவுடையது, என்னுடையது எல்லாமே. நான் பட்சபாதம் பார்க்கவில்லை.

சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்தது. அவர்கள் கொண்டுவந்த வாழைக்குலையையும் திருப்பி வண்டியில் ஏற்றினார்கள். பின்னர் ஊரே வந்து தன் தன் ஓலையைக் கேட்டு வாங்கியது. அந்த வருடத்து இருமல், காய்ச்சல், மரத்தால் விழுந்தது, மாடு முட்டியது யாவும் என் கணக்கில் ஏறின. "ஆரின்ரை ஆயுள் குறைஞ்சுதோ தெரியாது, என்ரை தொழிலின்ரை ஆயுள் முடிஞ்சுது," என்றார் ஐயா. அவரிடம் சீதன உறுதி எழுதுவிக்க அதன்பின் எவரும் துணியவில்லை. எனக்கு வேறிடத்தில் கலியாணமானது. அப்போதும் பெண்ணின் சாதகத்தை மாமனார் தூரத்தில் நின்று வாசித்துக் காட்டினாரேயன்றி என் கையில் தரவில்லை.

பல வருடங்களின் பின், சந்நிதிக் கோயில் திருவிழாவில் அந்த நீர்வேலிப் பெண்ணை எதிர்கொண்டேன். பக்கத்தில் கணவர், பிள்ளைகள். என் பக்கத்தில் என் மனைவி. என்ன கேட்பதென்று தெரியாமல், "சுகமோ?" என்றேன்.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓம். இன்னும் உயிரோடைதான் இருக்கிறன்."

என் மனைவி சிரித்த சிரிப்பில் சனம் திரும்பிப் பார்த்தது. அன்றுமுதல் என் வீட்டில் எவரையும் நான் சுகம் விசாரிக்க முடியாது. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் அதையே சொல்வார்கள். சபையிலும் சொல்வார்கள். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு இருப்பேன்.

சாதகம் வெட்டியதால் நீர்வேலிப் பெண்ணுக்கு ஒரு கேடும் வரவில்லை, திடகாத்திரமாக இருக்கிறார். என் வாதம் நிரூபணமாகிவிட்டது. ஆனால் அவ்வளவு அழகாகக் கதைக்கத் தெரிந்த பெண்ணை ஒரு கதவு மூடுவதற்காக இழந்தேன் என்பது எனக்கு அந்தத் திருவிழாவில்தான் தெரியவந்தது. சிரிப்பவர்கள் அதை அறியமாட்டார்கள்.