தாமதமாக வரும் குரல்

“நான் சொல்வதைக் கேளுங்கள். பிறகு நீங்களும் சொல்லுங்கள். தண்ணீர் வேண்டும்.”

பிள்ளைகள் திருப்பிச் சொல்வதற்கென்று பாடத்தில் ஒதுக்கப்பட்டிருந்த இடைவெளியில் செய்தி வாசிப்பாளர் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஹெட்போனுக்குள், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், அவருடைய குரலே தாமதமாகவும் தடித்தும் திரும்பி வந்தது.

“தண்... ணீ... வே...”

அவர் பதிவை நிறுத்தினார். துணி அலமாரிக்குள் சட்டைகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே, மைக்கின் எதிரில், ஒரு முக்காலியில் அமர்ந்திருந்த அவர், தமக்கு நேர்ந்திருப்பது சாதாரணக் கோளாறு அன்று என்பதை உணர்ந்தார்.

அவர் செய்தி வாசித்த வானொலி நிலையம் மூடப்பட்டுவிட்டது. குரலைத் தவிர வேறு தொழிற்கருவி இல்லாத ஒருவருக்கு அதன் பிறகு வந்த ஒரே அழைப்பு இதுதான்: வீட்டில் தமிழைக் கேட்டும் வேறு மொழியில் பதில் சொல்லும் பிள்ளைகளுக்கான ஒலிப்பாடங்கள். முதல் சில பாடங்களை மாதிரியாக வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். பிடித்தால் முழுப் பாடத்திட்டமும் அவருடையது. பிடிக்காவிட்டால், மைத்துனன் வேலை பார்க்கும் மண்டபத்தில் “காணாமல் போன செருப்பு” அறிவிப்புகளுக்கு ஆள் தேவை என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு அடிபட்டது.

அந்த மைத்துனன், கழுத்தில் எப்போதும் ஒரு கம்பியைச் சுற்றிக்கொண்டிருப்பதால் ‘வயர்’ என்று ஊரால் அழைக்கப்படுபவன், தொலைபேசியில் உடனே நோயைக் கண்டுபிடித்தான்.

“இது லேட்டன்சி அத்தான். நீங்க பேசறது கம்ப்யூட்டருக்குள்ள போய்ச் சுத்திட்டு லேட்டா வெளிய வருது.”

“ஏன் லேட்டா வருது?”

“பஃபர்னு ஒண்ணு இருக்கும். தொட்டி மாதிரி. தொட்டி ரொம்பினப்புறம்தான் குழாயைத் திறக்கும். தொட்டியைச் சின்னதாக்குங்க.”

அவர் தொட்டியைச் சின்னதாக்கினார். குரல் அப்போதும் திரும்பி வந்தது. கூடவே கடுகு பொரிவதுபோல் ஒரு சத்தமும் வந்தது.

“தொட்டி வறண்டுடுச்சு அத்தான். கொஞ்சம் பெருசாக்குங்க.”

“பெருசாக்கினா லேட்டாகும்னு நீதானே சொன்னே?”

“சொன்னேன். ரெண்டும் உண்மைதான்.”

வாசிப்பாளர் இருபக்கச் செய்தியையும் நடுநிலையோடு வாசித்துப் பழகியவர். எனினும் இந்த நடுநிலை அவருக்குக் கசந்தது.

“வெளியிலேர்ந்து வர்ற சத்தமா இருக்குமோ?” என்று கேட்டாள், நூலகத்திலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்த அவர் மனைவி.

அவர் அதை முறைப்படி மறுத்தார். வெளிச்சத்தம் என்றால் நாம் சும்மா இருக்கும்போதும் கேட்க வேண்டும். இதுவோ நாம் பேசிய பிறகுதான் கேட்கிறது. நாம் பேசிய சொற்களையே பேசுகிறது. நம் குரலிலேயே பேசுகிறது. ஆகவே இது நம்முடையது. அவர் கைதட்டிப் பார்த்தார், எதிரொலி இல்லை. இருமிப் பார்த்தார், இல்லை. பேச்சுக்கு மட்டுமே வந்தது.

“அப்ப பேச்சுக்குன்னு போட்டிருக்கற பிளக்இன்ல ஏதோ கெட்டுப்போச்சு” என்றான் வயர். “குரலுக்கு என்னென்ன போட்டிருக்கீங்க?”

போட்டிருந்த துணைநிரல்கள் பல. குரலைச் சமன்படுத்த ஒன்று, இரைச்சலை அகற்ற ஒன்று, கனம் சேர்க்க ஒன்று, இவை எதற்கென்று தெரியாமல் இலவசமாகக் கிடைத்ததால் போட்டவை சில. வயர் சொன்னபடி அவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றக் கழற்ற அவர் குரல் மெலிந்துகொண்டே வந்து, இறுதியில் காய்ச்சல்காரர் குரல்போல் ஆயிற்று. திரும்பி வந்த குரல் மட்டும் குறையவில்லை. மறுநாள் கணினியைத் திறந்தபோது, கழற்றப்பட்டவற்றில் ஒன்று இல்லாமல் பாடம் திறக்காது என்று சாஃப்ட்வேர் அறிவித்துவிட்டது.

அதைச் சரிசெய்ய, மைக்கை இயக்கும் டிரைவர் நிரலைப் புதுப்பித்தார். மைக் இருப்பதையே கணினி மறந்தது. மைக்கை நினைவூட்டினார், ஹெட்போனில் ஒரு காது செவிடாயிற்று. குழப்பத்துக்குக் காரணம் ஒழுங்கின்மையே என்று முடிவுசெய்து, ஆடியோ ஃபைல்கள் அனைத்தையும் புதிய ஃபோல்டர் ஒன்றில் அழகாக அடுக்கி, பெயர்களையும் மாற்றினார். சாஃப்ட்வேர் பழைய இடத்தில் தேடிப் பார்த்துவிட்டு, எதுவும் காணவில்லை என்றது.

“எங்க வச்சீங்கன்னு அதுக்குச் சொல்லணும் அத்தான்.”

“எங்க வச்சேன்னு எனக்கே யாராவது சொல்லணும்.”

ஆகவே முதல் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் பதிவுசெய்ய வேண்டியதாயிற்று.

தெரு அடங்கியிருக்கும் பிற்பகல்களில் அவர் அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் வேண்டும். கதவைத் திற. எனக்குப் பசிக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் அது வந்தது. முதலில் அவர் பொறுமையோடிருந்தார். பிறகு, தனிமையில் இயந்திரத்தோடு இருப்பவர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தார்.

“ஏன் இப்படி இழுக்கறே? சீக்கிரம் வந்து தொலையேன்!”

ஹெட்போனில் அமைதி.

“ம். மறுபடியும் பார்ப்போம். தண்ணீர் வேண்டும்.”

“தண்ணீ... வேணும்.”

சந்தேகமே இல்லை, தாமதம் குறைந்திருந்தது. அவர் பஃபரை மேலும் ஒரு படி குறைத்து, அடுத்த வாக்கியத்துக்கும் அதட்டினார். அதுவும் சற்று விரைந்து வந்தது. இயந்திரங்களை அதட்டினால் பயனுண்டு என்ற கருத்தை அதுவரை அவர் மூடநம்பிக்கையாகவே கருதிவந்திருந்தார்.

“வார்த்தையை முழுங்காதே! தெளிவா வரணும்!” என்றார் பசியைப் பற்றிய வாக்கியத்தின்போது. மூன்றாம் முறை அது தெளிவாக வந்தது. தம்மை மறந்து, “ஆங், இப்படித்தான்” என்றும் சொல்லிவிட்டார்.

இந்த முன்னேற்றத்தை அவர் வயருக்கு அனுப்பிவைத்தார். கேட்டுவிட்டு வயர் அழைத்தான்.

“அத்தான், தப்பா நெனைக்காதீங்க. குரல் உங்களுதுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டாவதா வர்றது... நீங்க கொஞ்சம் தண்ணி போட்டுட்டுப் பேசின மாதிரி இருக்கு.”

தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. மனைவி அலமாரியையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பட்டப்பகல்ல கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்னதான் பண்றீங்க?”

“பாடம் நடத்தறேன்.”

“யாருக்கு?”

அவள் போர்வைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு, திருப்தியின்றி மடித்து வைத்தாள். மடித்துக்கொண்டே அவருக்குப் பிடிக்காத வேறொரு பேச்சை எடுத்தாள்.

“பெரியவர் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து மாசக்கணக்காகுது. மயங்கி விழுந்தார்னு மருந்துக்கடையில சொல்லித்தான் நமக்கே தெரியும். ஒரு எட்டுப் போய் எப்படி இருக்கேன்னு கேட்டா என்ன குறைஞ்சிடும்?”

“முதல் வார்த்தையை அவன் பேசட்டும். அப்புறம் நான் ஒன்பது வார்த்தை பேசறேன்.”

பெரியவர் என்பது வாசிப்பாளரின் அண்ணன். ஒன்றாயிருந்த வீட்டை அப்பாவின் காலத்துக்குப் பிறகு இருவரும் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரித்ததில் சண்டை இல்லை. பொதுவாக விட்டுவைத்த வாசல் கதவுக்கு என்ன வண்ணம் பூசுவது என்பதில்தான் சண்டை வந்தது. இன்றுவரை அந்தக் கதவின் ஒரு பலகை பச்சை, மறு பலகை பழுப்பு. அப்பாவிடமிருந்து இருவரும் எடுத்துக்கொண்டவற்றில் பிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. தொலைபேசியை எடுத்தால் பேசுவது மூத்தவனா இளையவனா என்று பெற்ற தாய்க்கே தெரியாது. பிறகு அதுவும் ஒரு குறையாகிவிட்டது. அண்ணன் கோபத்தில் யாரையாவது திட்டினால், தம்பி திட்டியதாக ஊர் சொல்லும்.

“அவருக்கு உடம்பு முடியலைங்க” என்றாள் மனைவி.

“முடியாம இருக்கும்போதாவது வீம்பை விடலாமில்ல. வாசல்ல உக்காந்திருக்கான், நான் போகும்போது பாக்கறான். வாயைத் திறக்கறானா? கல்லு மாதிரி இருக்கான்.”

“நீங்க திறந்தீங்களா?”

“நான் தம்பி.”

அவள் கடைசிப் போர்வையைச் சற்றுப் பலமாகவே தட்டினாள்.

வியாழக்கிழமை வந்தது. எஞ்சியிருந்தது உறவுமுறைப் பாடம் மட்டும். இரைச்சலை அகற்றும் பிளக்இன்னை உச்ச அளவுக்கு முடுக்கிவிட்டு வாசிப்பாளர் அலமாரிக்குள் நுழைந்தார்.

“நான் சொல்வதைக் கேளுங்கள். பிறகு நீங்களும் சொல்லுங்கள். இது என் அம்மா.”

“இது என் அம்மா” என்றது ஹெட்போன், ஏறக்குறைய உடனே. பிளக்இன் அதைக் கொஞ்சம் மென்றிருந்தது, அவ்வளவுதான்.

“இது என் அப்பா.”

“இது என் அப்பா.”

அடுத்த வரியைப் பார்த்ததும் அவர் தயங்கினார். தாளில் இருந்ததை இருந்தபடி வாசிப்பதே தொழில் தர்மம் என்று வாழ்நாளெல்லாம் வாழ்ந்தவர் அவர். எத்தனையோ விருப்பமற்ற செய்திகளைக் குரல் நடுங்காமல் வாசித்திருக்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இது என் அண்ணன்.”

ஒன்றும் வரவில்லை.

அவர் காத்திருந்தார். இடைவெளி முடிந்து, அதற்கு மேலும் நீண்டது. தொலைந்தது சனியன் என்று அவர் நிமிர்ந்த நேரத்தில், ஹெட்போனில் என்னவோ கிழிந்தது. சொல்லாகவும் இல்லை, இரைச்சலாகவும் இல்லை. முக்கலும் திணறலுமாக எழுந்த ஒன்றைப் பிளக்இன் கடித்துக் குதறி, வெறும் கொப்பளிப்பாகத் துப்பியது. தாம் சொன்ன வாக்கியத்தின் சாயல்கூட அதன் கடைசியில் இல்லை என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது.

“எல்லாம் போச்சு” என்றார் வயரிடம். “இவ்வளவு நாள் நான் சொன்னதையாவது திருப்பிச் சொல்லிச்சு. இப்ப அதுவா என்னவோ உளறுது.”

வயர் பெருமூச்சு விட்டான். “சாஃப்ட்வேரை விடுங்க அத்தான். கடைசியா ஒண்ணு. அலமாரி எந்தச் சுவர்ல இருக்கு?”

“நடுச்சுவர்ல.”

“அது செங்கல்லா, அட்டையா?”

“ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினது. யாரும் கனமா கட்டணும்னு நெனைக்கல.”

“அப்ப சுவர்ல பட்டுத் திரும்புது. கட்டில் மெத்தையைத் தூக்கி அதுல சாத்துங்க. முழுசா மறையணும்.”

கணவனும் மனைவியுமாக மெத்தையை நிமிர்த்தி, அலமாரியின் பின்பலகைக்கும் சட்டைகளுக்கும் நடுவே திணித்தார்கள். அதன் மேல் போர்வைகளைச் செருகினார்கள். வாசிப்பாளர் எஞ்சிய இடத்தில் ஒருக்களித்து உட்கார்ந்தார்.

“இது என் அம்மா.”

அமைதி. இதுவரை அவர் கேட்டிராத, பஞ்சுபோன்ற, பழுதற்ற அமைதி. பாடம் முழுவதையும் ஒரே மூச்சில் முடித்தார். பழைய பாடங்களையும் மறுபடி பதிவுசெய்து, வெள்ளிக்கிழமை காலையிலேயே அனுப்பிவைத்தார். மாலையில் பதில் வந்தது. குரல் அருமை, இடைவெளிகள் மிகத் தூய்மை, முழுப் பாடத்திட்டத்தையும் தொடங்கலாம்.

மெத்தை இல்லாத கட்டிலில் அமர்ந்து அதை அவர் மனைவிக்கு வாசித்துக் காட்டினார், செய்தி வாசிக்கும் குரலிலேயே. அவள் சிரித்தாள். வயர் வாழ்த்தினான்; செருப்பு அறிவிப்புக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். விடை தெரிந்த பிறகு எவ்வளவு எளிமை என்று வாசிப்பாளர் வியந்தார். இத்தனை நாள் சாஃப்ட்வேரைத் திட்டியது வீண். தடுக்க வேண்டியது சுவரைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வாசல் கதவின் பழுப்புப் பலகை திறக்கும் ஓசை கேட்டது. பிறகு அவர்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பல வருடங்களாக அந்த வாசற்படியை மிதிக்காத அண்ணி, முந்தானையை இறுகப் பற்றியபடி நின்றிருந்தாள்.

வாசிப்பாளர் எழுந்து நின்றார். சண்டைக்கான பழைய வாக்கியங்கள் அவரையறியாமல் உதட்டுக்கு வந்து வரிசையில் நின்றன.

“பாடத்தை நிறுத்திட்டீங்களா தம்பி?” என்றாள் அண்ணி.

“எந்தப் பாடம்?”

அவள் அவரைத் தாண்டி, திறந்து கிடந்த அலமாரியையும் அதற்குள் நிமிர்ந்து நின்ற மெத்தையையும் பார்த்தாள்.

“விழுந்த நாள்லேர்ந்து ஒரு சத்தம்கூட வராம கெடந்த மனுஷன் தம்பி, வராத வார்த்தையெல்லாம் நீங்க சுவர் வழியா திட்டித் திட்டித் திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்துத்தான் வாயே திறந்தார்; அன்னைக்கு நீங்க ‘இது என் அண்ணன்’னு சொன்னதுக்கு, அவர் அழுது முக்கி ‘இது என் தம்பி’ன்னு சொன்னாரே, அது தப்பா இருந்தா சரியா சொல்றேன், பாடத்தை மட்டும் நிறுத்த வேண்டாம்னு சொல்லச் சொன்னார்.”