தலையணையோடு வெள்ளவத்தைக்கு

பயந்த மனிதனுக்குத் தலையிடி தனியாக வருவதில்லை. சவப்பெட்டிக்கு அளவெடுக்கிற ஆளையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும்.

நான் அந்த வகை. மருதானையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை. ஒரு கேள்வி கேட்பதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட எனக்குப் போன வருடம் தினமும் விடியும்போதே கழுத்து விறைத்துக் கிடக்கும். பிடரியிலிருந்து ஒரு வலி ஏறி வந்து நெற்றியில் குந்திக்கொள்ளும். மத்தியானத்துக்குள் போய்விடும். அடுத்த நாள் தவறாமல் வரும். மூளைக்குள் ஏதோ வளர்கிறது என்று நானே முடிவுகட்டிவிட்டேன். (டொக்டர் சோதித்துவிட்டு, "கழுத்துத் தசைப் பிடிப்பு, பிசியோ மிஸ்ஸிடம் காட்டுங்கோ" என்றுதான் சொன்னார். என் பயந்த முகத்தைப் பார்த்து உண்மையை மறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.) மனைவி ரீட்டாவிடம் மூச்சு விடவில்லை.

வெள்ளவத்தையில் இருந்த அந்த மிஸ்ஸின் இடத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் நாளைச் சொல்லிவிட்டு, "வரேக்க உங்கட தலகாணியையும் கொண்டு வாங்கோ அங்கிள்" என்றாள்.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. எங்கள் கொட்டாஞ்சேனையில் ஒருவன் தலையணையோடு வீதியில் இறங்கினால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: அவனை ஆஸ்பத்திரி வாட்டில் மறித்துவைக்கப் போகிறார்கள். ஏன் என்று கேட்க வாய் வரவில்லை. "ஓம் பிள்ளை" என்று வைத்துவிட்டேன்.

அன்று காலை ரீட்டா பூசைக்குப் போயிருந்தாள். சாரம், துவாய், பிளாஸ்க், கோப்பை எல்லாவற்றையும் பையில் அடுக்கினேன். மகள் ஷாலினி வேலைக்குப் போவதற்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவைப் பாத்துக்கொள் பிள்ளை."

"ஏன், அம்மா எங்க போறா?"

"அவவோட சத்தம் போடாத, என்ன."

"அப்பா, சத்தம் போடுறதே அவதான்."

அவள் படி இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். இவளுடைய கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று கண் கலங்கியது. (மாப்பிள்ளை தேடவே தொடங்கவில்லை. அது வேறு.)

பிறகு தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா கண்டுவிட்டா.

"ஐயோ தம்பி! எந்த வாட்?"

"இன்னும் சொல்லேல்ல அக்கா."

"என்ன வருத்தம்?"

நான் தலையைத் தொட்டுக் காட்டினேன். அக்கா சிலுவை போட்டுக்கொண்டா.

பஸ்ஸிலும் அதே கதை. கொண்டக்டர் தலையணையைப் பார்த்தார், ஒரு இளைஞனை எழுப்பினார். "அய்யே, வாடி வென்ன" என்று சிங்களத்தில் சொல்லி என்னை அவனுடைய இடத்தில் இருத்தினார். பக்கத்தில் இருந்த அம்மா என் கையில் ஒரு டொபி வைத்தா. பம்பலப்பிட்டியில் குறுக்கே போகும் ஒழுங்கைகளின் முடிவில் கடல் துண்டு துண்டாகத் தெரிந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் போயிட்டு வாறன் சொன்னேன்.

பிசியோ மிஸ் என் பையையும் பிளாஸ்கையும் மேலும் கீழும் பார்த்தா.

"என்ன அண்ணை, வெளிநாட்டுப் பயணமோ?"

"எந்த வாட் மிஸ்?"

"வாட்டோ? இது புடவைக்கடை மாடி அண்ணை. நீங்கள் எப்பிடிப் படுக்கிறீங்கள் எண்டு பாக்கத்தான் தலகாணி கேட்டனாங்கள்."

என்னுடைய தலையணையிலேயே என்னைப் படுக்க வைத்தா. தலையணை உயரத்தில் என் நாடி நெஞ்சில் முட்டியது.

"நித்திரைக்கு முதல் போன் பாப்பீங்களோ?"

"ஓம். கன நேரம்."

"என்ன பாப்பீங்கள்?"

"தலையிடி என்னென்ன வருத்தத்துக்கு வரும் எண்டு."

மிஸ் தலையணையைத் தட்டினா. கதவைத் தட்டியதுபோல் கேட்டது. உறையைக் கழற்றி, ஓரத்தில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, உள்ளே கைவிட்டு இழுத்தா. கறுப்பாக ஒரு கை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தவுடன், "ஐயோ, என்ர கல்யாணக் கோட்டு!" என்று கத்திவிட்டேன். தோள் மெத்தைகளும் பித்தளைப் பொத்தான்களும் குறையாமல் இருந்தன.

"அண்ணை, உங்கட கழுத்தைப் பிடிச்சிருக்கிறது உங்கட கல்யாணம்."

"தலைக்குள்ள ஏதும்...?"

"டொக்டர் பாத்தவர்தானே. தலைக்குள்ள ஒண்டும் இல்லை அண்ணை."

அந்த வசனத்தை என்னளவு சந்தோசமாக வேறு எவனும் கேட்டிருக்க மாட்டான். மெல்லிய தலையணை, குப்புறப் படுக்கக் கூடாது, நேரத்துக்குப் படுக்கை, போன் படுக்கையறைக்கு வெளியே என்று மிஸ் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். (ஆட்டவும் நொந்தது.)

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே தோடம்பழம், மால்ட் மா, செவ்விளநீர். நடுவில் ரீட்டா அழுதழுது முகம் வீங்கிப்போய் இருந்தாள். ஸ்டெல்லா அக்கா மட்டும் இல்லை. அடுத்த ஒழுங்கைக்குச் செய்தி சொல்லப் போயிருந்தா.

"மறிக்கேல்லையா?" என்றாள் ரீட்டா.

பையைத் திறந்தேன். கோட்டை வெளியே இழுத்துக் காட்டினேன்.

"தலகாணிப் பஞ்சு படிஞ்சு போச்சுது. உங்களுக்கு இனி இது அளவு கொள்ளாதுதானே எண்டு நான்தான் உள்ளுக்கு வைச்சு..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். "சாகப்போறன் எண்டு நினைச்சுக்கொண்டே இவ்வளவு நாளும் எனக்குப் பக்கத்தில படுத்தனீங்களோ? ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!" அந்தக் கோட்டாலேயே முதுகில் அடித்தாள். பித்தளைப் பொத்தான் சரியாகப் பட்டது.

இப்போது என் தலையணை அப்பளம்போல் இருக்கிறது. போன் குசினியில் அரிசி வாளிக்குப் பக்கத்தில் தூங்குகிறது. கழுத்தும் மெல்ல மெல்ல இளகிவிட்டது.

ஆனால் ஸ்டெல்லா அக்காவுக்கு உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. எங்கள் ஒழுங்கைச் செபமாலையில் அக்கா ஒவ்வொரு வெள்ளியும் "தலையில ஒப்பரேசன் செய்து உயிர் தப்பின எங்கட தம்பிக்காக" என்று மன்றாடுவா. ரீட்டா என் விலாவில் இடிப்பாள். ஷாலினி காதருகே குனிந்து, "அப்பா, கோட்டுக்கும் சேத்துக் கேளுங்கோ" என்பாள்.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்கிறவன் நான்தான்.