எட்டு நிமிஷ தூரத்துக் கடல்

என் மனைவி பெர்லிட்டாவைக் கடற்கரைக்குக் கூட்டிப் போயே தீருவது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் சபதம் செய்தேன். சிரிக்காதீர்கள். பிலிப்பைன்ஸின் தூமகேத்தே ஊரில் எங்கள் சந்திலிருந்து கடல் வண்டியில் எட்டு நிமிஷ தூரம். ஒன்பது வருஷமாக நாங்கள் போய்ச் சேரவில்லை.

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு ஞாயிறு போனோம். கடற்கரைச் சுவர்மேல் உட்கார்ந்து பசையரிசிச் சோறும் சூடான சாக்லேட்டும் சாப்பிட்டோம். காற்றில் அவள் கூந்தல் என் வாய்க்குள் வந்தது. கூந்தலைத் துப்பிவிட்டு, "இனி வாராவாரம் கூட்டிட்டு வரேன்" என்றேன். அடுத்த வாரம் அவள் பெட்டிக்கடை திறந்தாள். அதோடு சரி. கடையின் கம்பி வலைக்குப் பின்னால் இருக்கும் அவள் முகத்தை நானும் மற்ற வாடிக்கைக்காரர்களைப் போலச் சதுரம் சதுரமாகத்தான் பார்க்கிறேன். சொன்னால் வெட்கம், எனக்கு அவள்மேல் இன்னும் ஏக்கம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு!

நான் ஓட்டுவது சைடுகார், மோட்டார் சைக்கிளோடு பக்கத்தில் ஆள் உட்காரும் பெட்டி சேர்த்த வண்டி. வாடகை வண்டி. ஞாயிற்றுக்கிழமை முதலாளி அதைச் சேவல் சண்டைக்கு எடுத்துக்கொள்வார். மற்ற நாளில் கூப்பிட்டால் இவள் வரமாட்டாள்.

"முதலாளி வண்டில ஊர் சுத்தினா பெட்ரோல் என் வயித்துலதான் எரியும். சொந்தமா வாங்கு தியோ, வரேன்."

அந்தத் திங்கட்கிழமைதான் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ரொவினா மேடம் வந்தார். சிறுதொழில் செய்பவர்களுக்குக் கடன் கொடுப்பார்களாம். வங்கியில் கேட்கிற சம்பளச் சீட்டு, வீட்டுப் பத்திரம் எதுவும் வேண்டாமாம். சொந்த வண்டி வாங்க எனக்கும் வேண்டும் என்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பெர்லிட்டாவின் கடன் நோட்டு.

"யார் எப்படிப்பட்ட ஆளுன்னு அதுல தெரிஞ்சிடும். புதன்கிழமை வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நோட்டில் என் பேரில் மட்டும் பதினோரு பக்கம்! காபிப் பொட்டலம், ஒற்றை சிகரெட், தலைக்கு ஷாம்பு, ஒன்று விடாமல் எழுதியிருப்பாள். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"சொந்தப் புருஷனுக்குமா கணக்கு?"

"அடுத்தவ புருஷனுக்கெல்லாம் எழுதுறேன். என் புருஷன் மட்டும் என்ன எளப்பமா?"

எழுதினது போதாதென்று ஒவ்வொரு வரிக்கும் குறுக்கே கோடு போட்டு வேறு வைத்திருந்தாள். கோபத்தில் போட்ட கோடு என்றுதான் நான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் ஐஸ் வாங்கப் போன நேரம், பதினோரு பக்கத்தையும் கிழித்தேன். பக்கத்தில் வாழைப்பழம் சுட்டு விற்கிற குஸ்தோ அண்ணன் அடுப்பில் போட்டேன்.

"என்ன தியோ, காதல் கடுதாசியா?"

"என் பாவமெல்லாம் அண்ணே. நல்லா விசிறுங்க."

அன்று சாயங்காலம் காபி வேண்டாம் என்றேன். எழுதுவதற்கு அவள் நோட்டைத் திறக்கக் கூடாதே! அவள் கடைக்குள்ளிருந்து எழுந்து வந்து, ஜுரமா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எத்தனை மாதத்துக்கப்புறம்! அதற்காகவே இன்னும் பத்துப் பக்கம் எரித்திருப்பேன்.

புதன்கிழமை ரொவினா மேடம் வந்தார். நான் தலைக்கு எண்ணெய் தடவி, சட்டைப் பித்தான் எல்லாம் போட்டு நின்றேன். அவர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"உங்க பேரே இல்லையே?"

"இருக்காது மேடம்" என்றேன் பெருமையாக. "கடன் வாங்குற பழக்கமே நமக்குக் கிடையாது."

"அப்போ திருப்பிக் கொடுக்குற பழக்கம் இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆங்?"

"இதோ குஸ்தோவைப் பாருங்க. நாற்பது தடவை வாங்கியிருக்கார். நாற்பதையும் சனிக்கிழமை சனிக்கிழமை கொடுத்துக் கோடு போட்டிருக்கு. அவரை நம்பிக் கொடுக்கலாம். உங்களை நம்ப ஒரு வரிகூட இல்லையே சார்."

பெர்லிட்டா நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். கிழிந்த ஓரத்தைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்கே?"

"எது?"

"தியோ!"

"குஸ்தோ அண்ணன் அடுப்புல."

"அடப்பாவி! ரெண்டு வருஷம்! சனிக்கிழமை சனிக்கிழமை உன் கால்சட்டைப் பைல காசு எடுத்து, ஒவ்வொரு வரியா அடிச்சு வெச்சேன். என்னைக்காவது இந்த மாதிரி யாராவது வருவாங்க, வண்டி உன் பேருல வரணும்னு!"

வாரக் கடைசியில் பையில் காசு குறைவதை நான் ஓட்டை என்று நினைத்திருந்தேன். இரண்டு தடவை தைத்துக்கூடப் போட்டேன். இவள் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து இதையா செய்துகொண்டிருந்தாள்?

"ஒழுங்கா கொடுத்தவர்தான் மேடம்" என்றாள் அவரிடம்.

"பொண்டாட்டி வாய்ச்சொல் செல்லாதும்மா. நோட்டுல இருக்கணும்." ரொவினா மேடம் மறுபடி நோட்டைப் பார்த்தார். "ஆனா ஒரு சந்து முழுசையும் இவ்வளவு ஒழுங்கா நடத்துற கடைக்காரம்மாவுக்குன்னா இன்னைக்கே கடன் எழுதலாம்."

பெர்லிட்டா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எழுதுங்க மேடம்."

மூன்றாவது வாரம் வண்டி வந்தது. நெற்றியில் சிவப்பெழுத்தில் 'பெர்லிட்டா'. அவள் முதலாளி, நான் டிரைவர். வாடகை பழைய முதலாளி வாங்கினதைவிடப் பத்து பேசோ அதிகம். கேட்டால், வண்டி புதுசாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கடையை இழுத்துப் பூட்டினாள். "கிளம்பு" என்றாள். எட்டே நிமிஷம். அதே சுவர், அதே பசையரிசிச் சோறு. கூந்தலில் இரண்டு நரை இருந்தது. காற்றில் அது என் வாய்க்குள் வந்தபோது இந்தத் தடவை நான் துப்பவில்லை.

அவள் பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில் என் பேர்.

"இங்கேயுமா?"

"வாராவாரம் கூட்டிட்டு வரேன்னு ஒன்பது வருஷம் முன்னாடி சொன்னேல்ல? நானூத்தி அறுபத்தெட்டு ஞாயிறு பாக்கி. இன்னைக்கு ஒண்ணு அடிச்சாச்சு."

"எல்லாம் அடிச்சு முடிச்சா?"

"வண்டி உன் பேருக்கு."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இன்னும் ஒன்பது வருஷம். பழைய முதலாளி ஞாயிற்றுக்கிழமை வண்டியை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்; புது முதலாளி டிரைவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.